ஆளை நம்புவதா, தாளை நம்புவதா: செட்டிநாட்டிலிருந்து சில பாடங்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கு வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் கையில் இரண்டு விஷயங்களோடு வருவார்கள்: ஒரு வரைபடம், ஒரு கடைசித் தேதி. "மார்ச் பதினைந்துக்குள்ள வேணும், எல்லாக் கல்லும் ஒரே நிறத்துல இருக்கணும்" என்பார்கள். பட்டறைக்காரர் முடியாது என்று சொல்ல மாட்டார். இந்த வருஷம் மழை தள்ளிப் போனதைப் பற்றிப் பேசுவார். பழைய வீடு ஒன்றின் தரையை செல்போனில் காட்டி, "இதுலயே பாருங்க, ரெண்டு கல்லு ஒண்ணா இருக்காது" என்பார். டீ வரும். வந்தவர் "சம்மதித்துவிட்டார்" என்று குறித்துக்கொண்டு கிளம்புவார். பட்டறைக்காரரோ, "நாமதான் பதமாச் சொல்லிட்டோமே, புரிஞ்சிருப்பாங்க" என்று நினைத்துக்கொள்வார். மார்ச் பதினாறாம் தேதி சண்டை.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கல் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு முறை நின்று பார்த்தால் மழைப் பேச்சின் பொருள் விளங்கும். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் அச்சை நிறுத்துகிறார்கள். சிமெண்டோடு நிறப்பொடி கலந்த குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும். எவ்வளவு கலக்கும் என்பது ஊற்றுகிறவரின் கைக்குத்தான் தெரியும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக்கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். பிறகு காய்ச்சல், தண்ணீர்த் தொட்டியில் ஊறல், மறுபடி வெயில். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் பளபளப்பு. ஆக, மழை பெய்தால் தேதி தள்ளும், ஆள் மாறினால் நிறம் மாறும். பட்டறைக்காரர் ஊர்க்கதை பேசவில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவருக்கு அது நிபந்தனை என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேலையிடத்துப் பண்பாட்டு வேறுபாடுகளைப் படிக்கிறவர்கள் இந்த மாதிரி இடறல்களை விளக்கப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால், பேச்சில் எவ்வளவு சொல்லப்படுகிறது, எவ்வளவு சூழலுக்கு விடப்படுகிறது என்பதை வைத்துச் சமூகங்களை வகைப்படுத்தினார். சில இடங்களில் சொன்னதுதான் சேதி. சில இடங்களில் யார், எப்போது, எந்தத் தொனியில், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதும் சேர்ந்துதான் சேதி. இன்னொருவர் நெதர்லாந்துக்காரர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அவற்றில் அதிகம் பேசப்படுவது அதிகார இடைவெளி, அதாவது மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பது. இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40.

கார்ப்பரேட் பயிற்சி வகுப்புகளில் இந்த எண்களைத் திரையில் காட்டாமல் விடமாட்டார்கள். எனக்கு அவற்றில் முழு நம்பிக்கை இல்லை. ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டு ஒரு நாட்டுக்கே ஜாதகம் எழுதியது முதல் சிக்கல். அறுபதுகளின் கடைசியில் பம்பாயில் ஐபிஎம்மில் இருந்தவரும் ஆத்தங்குடியில் அச்சு பிடித்தவரும் ஒரே 77-க்குள் அடங்குவார்களா? நாடு என்பதே இதற்குச் சரியான அளவுகோல்தானா என்பது அடுத்த சிக்கல். காரைக்குடியிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வட்டிக்கடைப் பழக்கம் ஒன்று, பட்டறைப் பழக்கம் ஒன்று, ஆராய்ச்சிக்கூடப் பழக்கம் இன்னொன்று.

ஆகவே நான் கேட்கிற கேள்வி வேறு. இந்த ஆட்கள் தங்கள் நம்பிக்கையை எதன்மேல் வைத்திருக்கிறார்கள்? ஆளின் மேலா, எழுத்தின் மேலா, இரண்டையும் தாண்டிய ஏதோ ஒரு முறையின் மேலா? இதைக் கேட்டுவிட்டால் வேலையிடத்துக் குழப்பங்களில் பாதி பிடிபட்டுவிடும். செட்டிநாட்டின் வரலாறு இதற்கு நல்ல பள்ளிக்கூடம்.

நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், கடல் கடந்து கொண்டுவிற்கப் போன கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் நெல் பெருகியது. நெல்லுக்குக் கடன் தேவைப்பட்டது. 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. தந்தியும் கப்பல் தபாலும் மட்டுமே இருந்த காலத்தில், முதலாளி கானாடுகாத்தானிலும் கடை மோல்மேனிலும் இருக்க, இவ்வளவு பணம் எப்படிப் பத்திரமாகப் புரண்டது?

"சாதிக்குள்ள நம்பிக்கை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். பாதி உண்மை. ஒன்பது கோயில் பிரிவுகள், அவற்றுக்கு இடையே கொண்டும் கொடுத்தும் வந்த உறவு, மோசம் செய்தால் பெண்ணும் கிடைக்காது கடனும் கிடைக்காது என்ற அச்சம், இதெல்லாம் இருந்தது. மற்ற பாதி, அவர்கள் எதையும் எழுதாமல் விடவில்லை என்பது. முதலாளிக்காகக் கடையை நடத்தப் போகிற மேலாளுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. வழக்கமாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்னாலேயே குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். திரும்பி வந்து கணக்கு ஒப்படைத்த பிறகு லாபத்தில் பங்கு. மனைவி மக்கள் ஊரில்தான் இருப்பார்கள். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் ஒரே முறையில் இருக்கும் என்பதால் ஒரு கடையில் பழகியவர் இன்னொரு கடையின் கணக்கைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பெட்டியைத் துடைத்து, சீட்டுக் கொண்டு ஓடி, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாகி, கடைசியில் தன் சொந்த மார்க்கா போட்டுத் தனிக் கடை வைக்கிற ஏணியும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. பையனுக்கு அதிகார இடைவெளி அதிகம்தான். ஆனால் அந்த இடைவெளியை எத்தனை வருஷத்தில் கடக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். மதிப்பெண் அட்டவணையில் வராத விஷயம் இது.

வட்டி விகிதத்தையும் தனி ஆள் இஷ்டத்துக்கு விடவில்லை. தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியை, ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித் தீர்மானித்தார்கள். சாமி முன்னால் சொன்ன வட்டியைத் தாண்டுவது லேசு அல்ல.

வீட்டுக்குள்ளும் இதே பழக்கம்தான். நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுவார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்கள் பட்டியலாக எழுதப்படும். மொய் ஏட்டில் ஏறும். மேற்கில் காகிதத்தை நம்புகிறார்கள், நம் பக்கம் மனிதரை நம்புகிறார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் இரண்டாகப் பிரிப்பது இந்த ஊரில் செல்லாது. இங்கே உறவையே எழுதி வைத்தார்கள். "எங்க ஊர்ல எல்லாம் வாய்ச்சொல்தான் சார், அக்ரிமெண்ட் எல்லாம் எதுக்கு" என்று இன்று யாராவது சொன்னால், அது செட்டிநாட்டு மரபு இல்லை, அவருடைய சௌகரியம்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்நியரோடு தொழில் செய்வதற்கு அதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. நீண்ட கூடம். தரையில் வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு மேலாள். பத்துப் பதினைந்து கடைகள் ஒரே கூரையின் கீழ். குளியல், சாப்பாடு, உறக்கம் எல்லாம் அங்கேயே. கடன் கேட்டுச் சீனக் கடைக்காரர் வருவார், மலாய்க்காரர் வருவார். ஒரு பெட்டியில் வாங்கிய கடனைக் கட்டாதவர் பக்கத்துப் பெட்டிக்குப் போனால், முந்தைய பெட்டிக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். வந்தவருடைய மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரியும். பிராமிசரி நோட்டு ஆங்கிலேயச் சட்டப்படி இருக்கும். உள்கணக்கு மட்டும் தமிழில். ஆக, வாடிக்கையாளருக்கு ஒரு முகம், நீதிமன்றத்துக்கு ஒரு முகம், தங்களுக்குள் ஒரு முகம். ஒன்றை இன்னொன்றோடு அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

கொழும்பில் வேறு மாதிரி. அங்கிருந்த ஐரோப்பிய வங்கி மேலாளருக்குச் செட்டியார் தெருவில் யார் நாணயமானவர் என்று எப்படித் தெரியும்? அவர் தெரிந்துகொள்ளவும் மெனக்கெடவில்லை. அந்தத் தெருவை அறிந்த ஒருவரைச் சராப்பாக நியமித்துக்கொண்டார். சராப்பு கை காட்டிய ஆளுக்குக் கடன். ஆள் கவிழ்ந்தால் சராப்புக்குப் பொறுப்பு. இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே நின்று, இரண்டு பக்கமும் உத்தரவாதம் கொடுக்கிற ஓர் ஆள். இன்றைக்குப் பன்னாட்டு நிறுவனங்கள் பெரிய சம்பளத்தில் தேடுகிற ஆளும் இவர்தான். இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: நடு ஆள் மேல் சந்தேகம் வந்த அன்று, அவருக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேர் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

சரி, இவ்வளவு திறமையும் பர்மாவில் ஏன் காப்பாற்றவில்லை?

பர்மியமொழி தெரியாமல் இல்லை. மேலாள்கள் பேசினார்கள், கிராமத்து விவசாயியின் நிலம், விளைச்சல், குடும்பச் சண்டை எல்லாம் அறிந்திருந்தார்கள். வட்டியும் கடன் கொடுக்கிற உள்ளூர்ப் பர்மியர்களைவிடக் குறைவுதான். ஆனால் 1930-ஐ ஒட்டி உலக மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது, அடமானம் வைத்த நிலங்கள் ஒன்றொன்றாகக் கடைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1937 வாக்கில் 25 சதவீதம். செட்டியாருக்கு அந்த நிலம் வேண்டாம். நிலம் என்பது முடங்கிய முதல். மந்தத்தில் வாங்க ஆள் இல்லை. பேரேட்டில் அது ஒரு தலைவலி. பர்மிய விவசாயி பார்த்தது வேறு: குடும்பத்தை இங்கே கொண்டுவராத, தனிக் கோயிலில் கும்பிடுகிற, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகிற ஒரு கடை, தாத்தா வெட்டித் திருத்திய வயலை எடுத்துக்கொண்டது. பர்மாத் தேக்குத் தூண் மட்டும் காரைக்குடிப் பக்கம் கப்பலேறிப் போகிறது. ஒரே பத்திரத்துக்கு இரண்டு வாசிப்பு. இரண்டும் உண்மை.

அந்த முறைதான் இங்கே எதிராகத் திரும்பியது. உள்ளே நம்பிக்கையைக் கட்டிக்காத்த மூன்று வருஷத் தவணை, ஊரில் குடும்பம், தனிக் கோயில், இவைதான் வெளியே அந்நியத்தைக் கட்டி எழுப்பின. 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள். 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனிக் காலனியாகப் பிரிந்தது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது காட்டு வழியாக நடந்து திரும்பியவர்கள் கதை இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறது. 1948-ல் நில தேசியமயச் சட்டம். அறுபதுகளில் நே வின்னின் ராணுவ ஆட்சியில் மிச்சமும் போனது.

வணக்கம் எப்படிச் சொல்வது, விசிட்டிங் கார்டை எந்தக் கையால் நீட்டுவது என்று கற்றுக்கொடுக்கிற வகுப்புகள் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. பழக்கவழக்கம் தெரிந்திருப்பது ஒன்று. நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்படி தொழில் அமைந்திருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்களும் இரண்டாவதில் தோற்கலாம்.

நகரத்தாரில் சிலர் நம்பிக்கையை வைக்கிற இடத்தையே மாற்றினார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். பெட்டிக்குப் பின்னால் இருந்த ஆளுக்குப் பதில் கவுண்டர், பங்கு, இயக்குநர் குழு. பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் பர்மாவில் லேவாதேவியில் தொடங்கி, போருக்கு முன்பே முதலை இங்கே நகர்த்தியது. 1949-ல் பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து சைக்கிள், 1954-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கார்போரண்டம் யுனிவர்சல், 1981-ல் பழைய ஆங்கிலேயக் கம்பெனியான பாரியையே கையில் எடுத்துக்கொண்டது. கூட்டுத் தொழில் ஒப்பந்தத்தில் வெள்ளைக்காரருக்குப் புதிதாக இருந்தது என்னவோ தெரியாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பங்கு பிரிப்பது பள்ளத்தூருக்குப் புதிது அல்ல.

இப்போது ஊருக்குள் வருவோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுபது வருஷமாகக் காரைக்குடியில் வங்காளிகளையும் தெலுங்கரையும் வடக்கத்தியரையும் ஒரே கூடத்தில் வேலை செய்ய வைத்திருக்கிறது. அங்கே எல்லோரையும் அழைக்க "சார்" போதும். பழைய வீடுகளை ஹோட்டலாக்கிய இடங்களில்தான் கலப்பு சுவாரசியமானது. வெளியூரில் படித்த மேலாளர், பக்கத்துக் கிராமத்து ஊழியர்கள், பிரெஞ்சு விருந்தினர்.

மேலாளர் திங்கள்கிழமை காலை எல்லோரையும் நிற்க வைத்து, "என்ன குறை இருந்தாலும் வெளிப்படையாச் சொல்லுங்க" என்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஈடுபாடு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். மத்தியானம், சமையலறையில் மூத்த ஆளாக இருக்கும் ஆச்சியிடம் அத்தனையும் கொட்டப்பட்டிருக்கும்: யாருக்கு இரவுப் பணி ஒத்துவரவில்லை, எந்த சப்ளையர் மீனில் ஏமாற்றுகிறார், யார் வீட்டில் உடம்பு சரியில்லை. மேலாளர் ஆச்சியிடம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் வேலை முடிந்தது. பலர் முன்னால் குறை சொன்னால் அது மேலாளரை அவமதிப்பது என்றுதான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். மூத்தவர் வழியாகச் சொன்னால் தகவல். வழி வேறு, ஈடுபாடு குறைவில்லை. கொழும்புச் சராப்பைத்தான் இங்கே சமையலறையில் பார்க்கிறோம்.

எல்லாவற்றையும் பண்பாடு என்று கும்பிட்டுவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதுப் பையன் ஐம்பது வயதுத் துப்புரவுப் பணியாளரை "நீ, வா, போ" என்பதும், யார் எந்தத் தம்ளரில் டீ குடிக்கலாம் என்று சொல்லாமலே தெரிந்திருப்பதும் உள்ளூர் மரியாதை முறை அல்ல, சாதி. வெளியிலிருந்து வரும் மேலாளர், "இங்க வழக்கம் அப்படி, நாம தலையிடக் கூடாது" என்று ஒதுங்கினால் அது பக்குவம் இல்லை. அங்கே ஒரே வார்த்தையில் எல்லோரையும் "நீங்க" என்று கூப்பிடச் சொல்லி உத்தரவு போடுவதுதான் சரி.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பேரம் பற்றி ஐரோப்பியர் புகார் சொல்வதை நிறையக் கேட்டாயிற்று. முதலில் சொல்லும் விலை விலை அல்ல, பேச்சின் தொடக்கம், அவ்வளவுதான். பெரிதுபடுத்த ஒன்றும் இல்லை.

எதிர்த் திசையில் நடப்பதுதான் இப்போது அதிகக் கவனம் கேட்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வருகிற பெரும்பாலான கெட்ட பெயர், வேலை தெரியாததால் வருவதல்ல. தாமதத்தை முன்கூட்டிச் சொல்லாததால் வருவது. கையில் தீர்வு இல்லாமல் பிரச்சினையை மட்டும் கொண்டு போனால் பொறுப்பில்லாதவன் என்று நினைப்பார்களே என்று நம் பையன் இரவெல்லாம் உட்கார்ந்து தனியாகச் சரிசெய்யப் பார்க்கிறான். அங்கே இருக்கிற மேலாளரோ, செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் இன்னொரு ஆளைப் போட்டிருப்பேனே, வெள்ளிக்கிழமை வரை மறைத்துவிட்டானே என்கிறார். பையன் அக்கறை என்று செய்தது, அங்கே மறைப்பாகத் தெரிகிறது. "முடியவில்லை, இந்த இடத்தில் நிற்கிறது, இதுவரை இதைச் செய்து பார்த்தேன்" என்று மூன்று வரி எழுதி அனுப்புவதில் கௌரவக் குறைவு இல்லை என்பதை யாராவது அவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் நாட்காட்டி. ஆடியில் புதுவேலை தொடங்கத் தயங்குவார்கள்; முதல் பணம் ராகு காலத்தில் கை மாறாது; தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியும் பாதயாத்திரையும் கிளம்பும்போது பட்டறையிலும் கட்டட வேலையிலும் ஆள் குறையும். இதை மூடநம்பிக்கை, சோம்பேறித்தனம் என்று திட்டுகிற ஒப்பந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திட்டியதால் ஒரு நாளும் காவடி நின்றதில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் ஐரோப்பாவில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள் என்பதை நாம் கணக்கில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே மாதிரி இதையும் ஆர்டர் தாளில் ஏற்றிவிடலாம்: தை மாதத்தில் இத்தனை நாள் வேலை இல்லை, மழை நாளுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தவணை நீளும், நிற வித்தியாசம் இந்த மாதிரிக் கல்லுக்கும் அந்த மாதிரிக் கல்லுக்கும் நடுவே இருக்கலாம் என்று இரண்டு கல்லைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இரண்டு தரப்பும் அதன் மேல் கையெழுத்துப் போடலாம்.